மிஷினுக்கும் கொஞ்சம் வெயில்

துடைப்பத்தால் பெருக்கிய காலத்தில் குப்பை வீட்டில் தங்கியதில்லை. அம்மா அறைக்கு அறை பெருக்கித் தள்ளிக்கொண்டு வருவார். குப்பைமுறத்தில் அள்ளிய கையோடு அது தெருமுனைத் தொட்டிக்குப் போய்விடும். தரை துடைத்த தண்ணீரை அப்போதே கொட்டிவிடுவார். பிழிந்து போட்ட துணி மொட்டைமாடிக் கொடியில் மதியத்துக்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைத் தவிர, வீடு மணக்க வேண்டும் என்று தனியாக எதையும் அவர் செய்ததில்லை. அழுக்கு அன்றைக்கே வெளியேறியது, ஈரம் அன்றைக்கே காய்ந்தது.

எங்கள் சென்னை ஃபிளாட்டில் இப்போது பெருக்குவதும் துடைப்பதும் ரோபோதான். முழங்கால் வலியோடு அம்மா குனிய வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் அவசரத்திலும் நான் நிதானமாக உட்கார்ந்து காபி குடிக்க முடிகிறது. அந்த வட்டப் பெட்டியின் மேல் எனக்கு உண்மையான நன்றி உண்டு. ஆனால் அது பெருக்கிய குப்பையைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்கிறது. துடைத்த ஈரத்துணியை அடியில் ஒட்டவைத்தபடியே போய், சோஃபாவுக்குப் பக்கத்தில் வெயில் எட்டாத மூலையில் சார்ஜுக்கு நின்றுவிடுகிறது. வெளியே போக வேண்டியது உள்ளே இருக்கிறது. காய வேண்டியது நிழலில் கிடக்கிறது. ரோபோ ஓடும் வீடுகளில் வரும் அந்த மக்கல் வாடைக்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த வாடையை முதலில் பிடிப்பவர் நானும் இல்லை, அம்மாவும் இல்லை. பாத்திரம் தேய்க்க வரும் அக்காதான். கதவைத் தாண்டியதுமே நின்று, "என்னம்மா, வீடு மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி வாடை அடிக்குது?" என்பார். எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மனித மூக்கில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. அந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்ததற்காக ரிச்சர்ட் ஆக்செலும் லிண்டா பக்கும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அத்தனை நுட்பமான கருவிதான், ஆனால் ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் சில நிமிடங்களிலேயே அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. நம் வீட்டின் உண்மையான வாசனை நமக்குத் தெரிவது, வெளியூர் போய்த் திரும்பிக் கதவைத் திறக்கும் முதல் நொடியில் மட்டும். என் ரோபோவுக்குச் சுற்றளந்து பார்க்க லேசர் இருக்கிறது, படி விளிம்பை உணர சென்சார் இருக்கிறது, முட்டினால் திரும்ப பம்பர் இருக்கிறது. மூக்கு மட்டும் இல்லை. அதனால் வெளியிலிருந்து வருகிறவரின் மூக்கை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அக்காவிடம் வைத்தியமும் இருந்தது. "அதைக் கழட்டி வெயில்ல வைம்மா. துணியை மட்டும் காயவெச்சா ஆச்சா?"

இதைவிட நல்ல யோசனையை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. முழு மிஷினையும் வைக்கக் கூடாது. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, அதற்குச் சூடு ஆகாது. ஆனால் குப்பை டப்பா, பிரஷ், தண்ணீர்த் தொட்டி, மாப் துணி எல்லாமே கழன்று வரும். பால்கனியில் காலை வெயில் படும் இடத்தில் அவை கொஞ்ச நேரம் இருந்தால் போதும். ஃபில்டரை மட்டும் காற்றோட்டமான நிழலில் வைக்கிறேன். கழுவக்கூடிய ஃபில்டராக இருந்தால், கழுவியபின் ஒரு முழு நாள் காயாமல் மாட்டவே கூடாது. ஈர ஃபில்டரில் தூசி சேறாக அப்பிக்கொள்ளும்; பிறகு அதை எவ்வளவு தட்டினாலும் வாடை போகாது. கழுவக்கூடாத வகையும் உண்டு, வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

டப்பாவைத் திறந்து ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் வாடையின் ஊர் எது என்று புரிந்துவிடும். தூசி என்று பொதுவாகச் சொல்கிறோம். உதிர்ந்த தோல், துணி இழை, தெருமண் எல்லாம் எந்த ஊர் வீட்டிலும் இருப்பவைதான். அவற்றோடு எங்கள் வீட்டு டப்பாவில் வாசலிலிருந்து காலோடு வந்த கோலமாவு இருக்கும். தாளிக்கும்போது தெறித்த கடுகு, கறிவேப்பிலை, குக்கரிலிருந்து இலைக்கு மாறும்போது சிந்திய ஒன்றிரண்டு சோற்றுப் பருக்கை, அம்மாவின் கொண்டையிலிருந்து உதிர்ந்த மல்லிகை. தனித்தனியாக எதுவும் அருவருப்பானதில்லை. மல்லிகையும் அரிசிமாவும் மணக்கக்கூடியவைதான். மூடிய டப்பாவுக்குள் கொஞ்சம் ஈரத்தோடு இரண்டு நாள் சேர்ந்து கிடந்தால் மாவு புளிக்கிறது, பருக்கை ஊசுகிறது, பூ அழுகுகிறது. தேங்காய் எண்ணெய் தடவிய நீள முடி பிரஷின் இரண்டு முனைகளிலும் முன்சக்கரத்தின் அச்சிலும் சுற்றிக்கொண்டு, தூசியைப் பிடித்துவைத்து, அடை தட்டிப்போகிறது. டப்பாவைக் கழுவியும் வாடை போகவில்லை என்று சொல்பவர்கள் அந்த முன்சக்கரத்தைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் கையால் இழுத்தாலே வந்துவிடும்.

ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதே, வாடையை அது பிடிக்காதா என்று கேட்கிறார்கள். அசல் ஹெப்பா 0.3 மைக்ரான் அளவுள்ள துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் வாடை துகளாக வருவதில்லை, வாயுவாக வருகிறது. அந்த மூலக்கூறுகள் ஃபில்டரின் இழைகளுக்கு நடுவே தாராளமாகப் போய்விடும். அவற்றை ஈர்த்துப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். ஆகவே ரோபோ ஓடும்போது நடப்பது இதுதான்: காற்றை இழுத்து, ஊசிப்போன குப்பையின் ஊடாகச் செலுத்தி, தூசியை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, வாடையைப் பின்பக்கமாக அறைக்குள் ஊதுகிறது. கூடத்திலிருந்து படுக்கையறை வரை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. டப்பாவை ஒவ்வொரு முறை ஓடியபிறகும் கொட்டிவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இந்த மிஷின்களின் பிறப்பையும் நினைத்துப் பார்க்கிறேன். எலக்ட்ரோலக்ஸின் டிரைலோபைட் 2001-இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. ஐரோபோட்டின் ரூம்பா 2002-இல் அமெரிக்காவில் வந்தது. இரண்டும் உலர்ந்த தூசியை உறிஞ்சியவை. குளிர்நாட்டு வீடுகளில் பிறந்தவை. தரை துடைக்கும் ரோபோக்கள் பிறகு வந்தன, குப்பையைத் தானே உறிஞ்சி ஒரு பையில் சேர்த்துவைக்கும் பெரிய சார்ஜிங் டாக் அதற்கும் பிறகு. அந்தப் பையை 60 நாள் வரை தொட வேண்டாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். உலர்ந்த காற்றுள்ள ஊரில் அது சரியாக இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சென்னையில் சாதாரணம். அந்தக் காற்றில், சோற்றுப் பருக்கையும் பூவும் இருக்கும் பையை இரண்டு மாதம் வீட்டுக்குள் வைத்திருக்கச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம் வீட்டில் அது வாரக் கணக்குதான். பை பாதி காலியாக இருந்தாலும் எடுத்து எறிய வேண்டியதுதான்.

குப்பையைவிடப் பெரிய விஷயம் மாப் துணி. மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயவைத்த துவைத்த துணியிலிருந்து ஒரு வாடை வருமே, அதன் மூலத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் எழுதினார்கள்: மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா துணியில் மிஞ்சியிருக்கும் வியர்வை, எண்ணெய்ப் பசையைத் தின்று ஒருவகை அமிலத்தை உண்டாக்குகிறது, மூக்கு உணர்வது அந்த அமிலத்தை. துவைத்த துணிக்கே இந்தக் கதி. தரையழுக்கைத் துடைத்து, பிழியப்படாமல், மிஷினுக்கு அடியில் காற்றுப் படாமல் ராத்திரி முழுக்கக் கிடக்கும் துணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் கணக்கு. வாடைக்கு அவ்வளவு அவகாசம்கூடத் தேவையில்லை, ஒரு ராத்திரி போதும். ஓடி முடித்ததும் துணியைக் கழற்றி, வெந்நீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு அலசி, கொடியில் போடுகிறோம். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் வேண்டாம். அது இழையில் படிந்தால் துணி தண்ணீரை உறிஞ்சாது. வெந்நீரில் தானே கழுவி வெப்பக்காற்றில் காயவைக்கும் டாக்குகள் வந்திருக்கின்றன. வசதி இருப்பவர்களுக்கு நல்ல பொருள், நான் மறுக்கவில்லை. ஆனால் அழுக்குத் தண்ணீர் அதிலும் ஒரு தொட்டியில்தான் சேர்கிறது. அந்தத் தொட்டியைக் கொட்டிக் கழுவ ஒரு கை வேண்டும்.

நல்ல தண்ணீர்த் தொட்டியையும் விடக் கூடாது. மிச்சத் தண்ணீரை அடுத்த தடவைக்கு ஆகும் என்று வைத்தால், தொட்டியின் சுவரில் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும். எங்கள் பகுதி போர் தண்ணீரின் உப்பு, தண்ணீர் சொட்டும் சிறு துளைகளை அடைத்துவிடுகிறது. ஆர்.ஓ. கழிவுநீரை வீணாக்காமல் தரை துடைக்க வைத்துக்கொள்வது நம் ஊரில் நல்ல பழக்கம். ஆனால் அதில் உப்பு போர் தண்ணீரைவிடவும் கூடுதல். பக்கெட்டுக்கு ஆகும், ரோபோவுக்கு ஆகாது.

இப்போது வாசனைப் பொருள்களுக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். தொட்டியில் இரண்டு மூடி ஃபினாயில் ஊற்றலாமா, ஃபில்டரில் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விடலாமா. என் பதில், வேண்டவே வேண்டாம். ஃபினாயிலும் தைலமும் ரப்பர் வாஷரையும் பிளாஸ்டிக்கையும் நாள்பட அரிக்கும், பம்ப் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் பட்ட ஃபில்டர் தூசியை அப்பிக்கொண்டு மூச்சு முட்டிப்போகும். டப்பாவில் சமையல் சோடாவைத் தூவிவைப்பதும் அப்படியே, அந்த நுண்பொடி நேராக ஃபில்டருக்குத்தான் போகும். கழற்றிய டப்பாவை அந்தச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள், அதற்கு அது அருமையான பொருள். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஃபினாயிலில் இருக்கக்கூடிய ஃபீனால் சேர்மங்களை முறிக்கப் பூனையின் ஈரலுக்குப் போதிய சக்தி இல்லை. ரோபோ மூலைமுடுக்கெல்லாம் பூசிவிட்டுப் போவதைப் பூனை தன் பாதத்தில் ஒட்டிக்கொண்டு, அந்தப் பாதத்தை நக்கும். எலுமிச்சை வாசனை தெளிப்பான்களில் இருக்கும் லிமோனீன், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும் என்பதும் ஆய்வில் தெரிந்த விஷயம். சுத்தத்தின் அடையாளமாக நினைத்து நாம் இழுக்கும் மூச்சில் அதுவும் வருகிறது.

பிராணிகள் வளர்ப்பவர்களின் பெரிய பயம் வேறு. ரோபோ அவற்றின் கழிவின் மேல் ஏறி வீடெல்லாம் இழுத்துவிடுவது. அந்தப் பயம் எவ்வளவு பரவலானது என்றால், 2021-இல் வந்த ரூம்பா ஜே7 பிளஸ் மாடல் அதைக் கேமராவால் பார்த்து ஒதுங்கும், ஒதுங்காவிட்டால் வேறு மிஷின் தருகிறோம் என்று கம்பெனியே வாக்குக் கொடுத்தது.

வாசனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலூர் மாவட்டத்து மணலில் விளையும் வெட்டிவேரை வாங்கி, பால்கனிக் கதவருகே ரோபோவுக்கு எட்டாத உயரத்தில் கட்டியிருக்கிறேன். கோடையில் தண்ணீர் தெளித்தால், அனல்காற்று அதன் வழியாக நுழையும்போது வீடே குளிர்ந்த மாதிரி இருக்கும். அதன் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும், மூக்கை உறுத்தாது. வெள்ளிக்கிழமை தரை துடைக்கும் தண்ணீரில் கல்லுப்பும் மஞ்சளும் போட வேண்டும் என்பது அம்மாவின் நம்பிக்கை. ரோபோவின் தொட்டியில் போட்டால் உப்பு உலோகத்தை அரிக்கும், மஞ்சள் துளையை அடைக்கும். அவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எப்படியும் நிலைப்படி ஏறாதே, நிலைப்படியும் வாசலும் நான் பாத்துக்கறேன்" என்றார். உண்மைதான், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரமான எதையும் தாண்ட அதற்கு வராது. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து அவரே துடைக்கிறார்.

சாம்பிராணிக்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். ரோபோ முதலில் ஓடி முடிக்கும், பிறகுதான் தூபக்கால் வரும். மாற்றிச் செய்தால் உதிர்ந்த சாம்பல் ஃபில்டரை ஒரே நாளில் அடைத்துவிடும். அணையாத கங்கு ஒன்று டப்பாவுக்குள் போனால் தீப்பிடிக்கவே வாய்ப்புண்டு. புகை சுற்றி வந்தபின் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறோம். இழுப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் சாம்பிராணியையே தவிர்ப்பது நல்லது. எவ்வளவு மணந்தாலும் புகை புகைதான்.

வடகிழக்குப் பருவமழையின்போது எல்லாக் கணக்கும் மாறிவிடும். கொடியில் போட்ட மாப் துணி மறுநாளும் சில்லென்று இருக்கும். கைவசம் கூடுதலாக இரண்டு ஜோடி வைத்திருக்கிறோம், ஃபேனுக்கு அடியில் மாற்றி மாற்றிக் காயும். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் துடைக்கும் வேலைக்கு லீவு விட்டுவிட்டு, ஆப்பில் பெருக்குவதை மட்டும் போடுகிறேன். ஈரத்துணியால் துடைத்த தரையும் அந்த நாள்களில் காயாது, மாப்போடு சேர்ந்து அதுவும் வாடையடிக்கும். காலில் லேசாக மண் நெருடினாலும் பரவாயில்லை என்பதில் அம்மாவும் நானும் ஒரே கட்சி. வெயில் வந்ததும் துடைத்துக்கொள்ளலாம்.