எந்தக் குழாய்த் தண்ணீர்?

சென்னையில் ஒரு வீட்டுக்கு ஒரு தண்ணீர் என்று கிடையாது. விடியற்காலையில் மெட்ரோ வாட்டர் சம்ப்பில் விழும். அது போதாத நாளில் போர் மோட்டார் ஓடும். கோடையில் லாரி வரும். குடிக்க மட்டும் கேன். கேனைத் தவிர மற்ற மூன்றும் மொட்டைமாடித் தொட்டியில் கலந்துதான் குழாய்க்கு இறங்குகின்றன. அதனால் ஒருவர் பாட்டிலை நீட்டி, “எங்க வீட்டுத் தண்ணி எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க” என்றால், அதைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவேன்: எந்தக் குழாயில் பிடித்தீர்கள்? நேற்று லாரி வந்ததா?

தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் தண்ணீர் பார்ப்பது என் வேலை. வந்து சேரும் பாட்டில்களே தனிக் கதை. நல்லெண்ணெய் வாசம் போகாதது, அடியில் சர்பத் நிறம் ஒட்டியது, தொட்டித் தண்ணீரா போர் தண்ணீரா என்று கொண்டுவந்தவருக்கே மறந்துபோனது. குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று தடவை அலசி, பிறகு பிடிக்க வேண்டும். போனில் சொன்னால் எல்லோரும் சரி என்கிறார்கள்.

கடினத்தன்மை பார்க்கும் முறை பெரிதாக மாறவில்லை. சுவிட்சர்லாந்து வேதியியலர் ஷ்வார்ட்சன்பாக் 1940களில் வகுத்ததைத்தான் இன்றும் செய்கிறோம். 50 மில்லி தண்ணீர், மூக்கைப் பிடுங்கும் அமோனியா பஃபர் கொஞ்சம், எரியோகுரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை. கால்சியமோ மக்னீசியமோ இருந்தால் குடுவை உடனே திராட்சைச் சிவப்பாகும். ப்யூரெட்டிலிருந்து ஈடிடிஏ சொட்டச் சொட்ட, அது அந்த இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு ஊதாவாகும், ஊதா நீலமாகும். சிவப்பின் கடைசிச் சாயல் மறைகிற சொட்டோடு கையை நிறுத்த வேண்டும். விழுந்த மில்லியை 20ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். போர் தண்ணீர் என்றால் நான் 10 மில்லிதான் எடுப்பேன், வாலைவடிநீர் சேர்த்து 50 ஆக்கி, 100ஆல் பெருக்குவேன். இல்லாவிட்டால் ப்யூரெட்டே தீர்ந்துபோகும்.

சொல்வதற்குச் சுலபம். பஃபர் விட்ட 5 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் சுண்ணாம்பு பிரிந்து அடியில் படியும், கணக்குக் குறைந்துவிடும். இரும்பு கலந்த தண்ணீர், நீலமாக மாட்டேன் என்று ஊதாவிலேயே அடம்பிடிக்கும். பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலத்திலும் சிவப்பு தெரியும். என் ப்யூரெட் ஸ்டாண்டு ஜன்னலோரத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம். மழைக்கால மாலைகளில் அவசரமில்லாத சாம்பிளை மறுநாள் காலைக்குத் தள்ளிவைப்பேன்.

எண் வந்தாயிற்று. அது நல்லதா கெட்டதா? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐஎஸ் 10500, 2012இல் திருத்தப்பட்டது. அதன்படி கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். மொத்தக் கரைஉப்பு, அதாவது எல்லோர் வாயிலும் புழங்கும் டிடிஎஸ், 500 வரை, வழியில்லையென்றால் 2000 வரை. ஆனால் உலக சுகாதார அமைப்பு கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. இதைச் சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும். சிறுநீரகக் கல்லுக்கும் கொட்டுகிற முடிக்கும் போர் தண்ணீர்தான் காரணம் என்று எழுதிக் கொடுப்பேன் என எதிர்பார்த்து வந்திருப்பார். சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகி முடியில் தங்கும், முடி நார்போல ஆகும், உண்மைதான். வேரோடு கொட்டினால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

கடினத் தண்ணீரால் நிஜமாக அடிபடுவது கீசரும் பருப்பும். கரைந்திருக்கும் பைகார்பனேட் சூட்டில் உடைந்து சுண்ணாம்பாகி ஹீட்டர் ராடில் உறைகிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் ராடுக்குள்ளேயே தங்க, ஒருநாள் ராடு போய்விடுகிறது. பருப்பின் பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் குழையாது. நல்ல தண்ணீரில்தான் பருப்பு வேகும் என்று நம் வீடுகளில் தெரிந்துவைத்திருந்ததற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் கோபமாக வந்தார். லட்சக்கணக்கில் செலவு செய்து சாஃப்ட்னர் போட்டார்களாம். “மேடம், போடறதுக்கு முன்னாடி மீட்டர்ல 1400. போட்ட அப்புறமும் 1400க்கு மேலதான் காட்டுது. நல்லா ஏமாத்திட்டான்.” அவர் கொண்டுவந்த இரண்டு பாட்டிலிலும் கடினத்தன்மை பார்த்தேன். முன்னது 720, பின்னது 30. சாஃப்ட்னர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

அவர் பையிலிருந்த மீட்டர் கடினத்தன்மையை அளப்பதே இல்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதை டிடிஎஸ் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. சாஃப்ட்னரில் உள்ள ரெசின், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. உப்பு போகவில்லை, ஆள் மாறியிருக்கிறது. கீசருக்கும் துணிக்கும் அது போதும். சமையலறைக் குழாயை மட்டும் சாஃப்ட்னருக்கு முன்பாகவே பிரித்துவிடுங்கள், வீட்டில் பிரஷர்காரர்கள் இருந்தால் அந்தச் சோடியம் தேவையில்லை என்றேன்.

அந்த மீட்டரை இளநீரில் விட்டால் ஆயிரக்கணக்கில் காட்டும், அதற்காக யாரும் இளநீரைக் கொட்டுவதில்லை. இதைவிட எரிச்சலூட்டுவது வீட்டுக்கு வீடு வந்து காட்டும் வித்தை. இரண்டு டம்ளர், ஒன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர், மற்றதில் உங்கள் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். உங்கள் டம்ளர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி நுரைக்கும், அவர்களுடையது தெளிவாகவே நிற்கும். வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொள்வார். கலங்கியது தண்ணீரிலிருந்த அழுக்கு அல்ல, அவர்களுடைய இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லாததால் கரண்ட் பாயவில்லை, கம்பி கரையவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை வந்தால் அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுச் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள்.

ஆர்ஓவே கூடாது என்பதல்ல என் கட்சி. 1800 டிடிஎஸ் போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. புழல் ஏரித் தண்ணீருக்கும் வீராணத்துத் தண்ணீருக்கும் எதற்கு? வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடைசெய்யச் சொல்லி 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை சென்னைக்கு வந்தது. இன்னொரு வேடிக்கை: மீஞ்சூர், நெம்மேலி மாதிரியான ஆலைகளில் கடல்நீர் ஆர்ஓவில் உப்பு நீங்கி வரும்போது கடினத்தன்மையும் அநேகமாகப் போய்விடும். அப்படியே அனுப்பினால் குழாய்களை அரித்துவிடும் என்பதால் இத்தகைய ஆலைகளில் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்ப்பது வழக்கம். அங்கே காசு கொடுத்துச் சேர்ப்பதை இங்கே காசு கொடுத்து எடுக்கிறோம்.

என் உண்மையான குறை வேறு. டிடிஎஸ் பார்க்கவும் கடினத்தன்மை பார்க்கவும் வருகிறவர்கள், கிருமிப் பரிசோதனை என்றதும் “அதெல்லாம் வேணாம் மேடம், தண்ணி கிளியரா இருக்கு” என்பார்கள். சாக்கடைக் குழாயை ஒட்டியிருக்கும் சம்ப்பில், மூடி சரியாக உட்காராத தொட்டியில், டிடிஎஸ் 200 காட்டும் தெளிந்த தண்ணீரில்தான் ஈ.கோலை வரும். அது 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம். குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். சம்ப்பில் கிடந்து கிடந்து அதுவும் போய்விடுகிறது. இதற்கான பாட்டிலை நாங்களே கிருமி நீக்கிக் கொடுப்போம். உள்ளே தயோசல்பேட் இருக்கும். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்று, இல்லாத நற்சான்றிதழை வாங்கிக் கொடுத்துவிடும். டம்ளரில் வெள்ளை வளையம் போடும் சுண்ணாம்புக்குப் பயப்படுகிறவர்கள் இதற்குப் பயப்படுவதில்லை.

செயலாளரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். சாஃப்ட்னரை உப்புக் கரைசலால் கழுவுகிறீர்களே, அந்தக் கழிவுநீர் எங்கே போகிறது? அவர் யோசித்துவிட்டு, “மழைநீர்க் குழி பக்கத்துலயே இருந்துது, அதுல விட்டுட்டாங்க” என்றார். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி. ரெசின் பிடித்து வைத்த அத்தனை கால்சியமும் மக்னீசியமும், மேலே கழுவப் போட்ட உப்பும் சேர்ந்து, அதே போருக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. குழாயை உடனே பாதாளச் சாக்கடைக்கு மாற்றுங்கள், மே மாதம் ஒரு தடவை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு தடவை போர் தண்ணீரைக் கொண்டுவாருங்கள், சம்ப்பில் பிடித்தது கிருமிக்குத் தனியாக வேண்டும் என்றேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்வதாகக் கிளம்பினார்.