கை வேணும்ங்க

"பாப்பாவைக் கூட்டிட்டு வரலீங்களா?"

நான் கேட்டது குழந்தைக்கு ஒரு சின்ன வில். பெரியவர் பதிலுக்குக் கேட்டது இது. பாப்பா எதற்கு, எட்டு வயசு, இவ்வளவு உயரம் என்று நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். மடியில் கிடந்த முறத்தின் விளிம்பைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "உசரம் கெடக்குதுங்க. கை வேணும்ங்க. அது எவ்வளவு தூரம் இழுக்கும், எவ்வளவு வலுவா இழுக்கும்னு பாக்கோணும். அடுத்த ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வாங்க." ஈரோட்டிலிருந்து பஸ் பிடித்துப் போனவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு வில் செய்து தோற்றவன் நான் என்பதை அன்று அவரிடம் சொல்லவில்லை. கோயில் திருவிழாவில் மகளுக்கு வாங்கிய பிளாஸ்டிக் வில் அன்று சாயங்காலமே உடைந்தது. நாமே செய்தால் என்ன என்ற வீம்பு அதில் பிறந்ததுதான். முதலாவது, வாசல் வேம்பில் ஒடித்த பச்சைக் கிளை. நன்றாகத்தான் வளைந்தது. ஆனால் மறுநாள் நாணை அவிழ்த்தாலும் நிமிரவில்லை. கூன் விழுந்தது விழுந்ததுதான். இரண்டாவதற்குக் காய்ந்த கொம்பு எடுத்தேன். விறைப்பாக இருக்கிறதே என்று நடுப்பகுதியைக் கத்தியால் சீவிச் சீவி மெலித்தேன். மூன்றாவது இழுப்பில் அதே நடுவில் படீரென்று முறிந்து ஒரு சிம்பு என் புறங்கையில் ஏறியது. நல்லவேளை, இழுத்தது நான்.

பெரியவரும் அவரைப் போன்ற மூங்கில் வேலைக்காரர்களும் இருப்பது சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி போகும் சாலையோரம். அதே சாலைதான் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மைசூருக்குப் போகிறது. நாலைந்து வீடுகள், ஒவ்வொன்றின் முன்னும் ஓலைச் சாய்ப்பு, அதன்கீழ் ஆணும் பெண்ணுமாக மூங்கில் வேலை. ஏணி, தட்டி, முறம், கோழி கவிழ்க்கும் பஞ்சாரம், சத்தி பூ மார்க்கெட்டுக்குப் போகும் கூடை. ஒரு காலத்தில் பட்டுப்புழு கூடு கட்டும் சந்திரிகைதான் இவர்களுக்குச் சோறு போட்டது. பாய் போன்ற தட்டியின் மேல் மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக நிறுத்திக் கட்டிய தட்டு அது. இப்போது மடக்கி வைக்கும் பிளாஸ்டிக் தட்டு வந்துவிட்டது. பெரியவரின் இரண்டு மகன்களும் திருப்பூரில் பனியன் கம்பெனியில்.

எதிரே மலை. அதன் காட்டில் மூங்கில் நிற்கிறது. 2013-ல் புலிகள் காப்பகமான அந்தக் காட்டில் இவர்கள் கை வைக்க முடியாது; தோட்டக்காரர்களிடம் விலைக்கு வாங்குகிறார்கள். அதிலும் முன்பு ஒரு சிக்கல் இருந்தது. 1927-ம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்றது. மரம் என்றால் வெட்டவும் வண்டியில் ஏற்றவும் அனுமதிச் சீட்டு. 2017-ல் திருத்தம் வந்து, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரக் கணக்கிலிருந்து நீங்கியது. மூங்கில் புல் இனம் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளத் தொண்ணூறு வருடம் ஆனது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "சீட்டு போச்சுங்க. ஆனா வாங்கறதுக்கும் ஆள் போயிட்டாங்களே" என்றார்.

அடுத்த ஞாயிறு மகளோடு போனேன். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை அவள் கையில் கொடுத்தார். "இழு கண்ணு." இழுத்தாள். "இன்னும்." பல்லைக் கடித்து இழுத்தாள். "போதும். இப்பச் சிரிச்சுக்கிட்டே இழு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இழுப்பும் தளர்ந்தது. அந்தத் தளர்ந்த இழுப்பைத்தான் அவர் குறித்துக்கொண்டார் என்று பிறகு புரிந்தது. பல்லைக் கடித்து இழுக்க வேண்டிய வில் இரண்டு நாளில் மூலைக்குப் போய்விடுமாம். அப்புறம் ஒரு நூலால், நீட்டிய இடக்கை முட்டியிலிருந்து வலக் கன்னம் வரை அளந்து முடிச்சுப் போட்டார். வில்லின் நீளத்துக்கு அவள் நெற்றி உயரம்.

அட்டாலியில் நிழலில் காய்ந்து கிடந்த மூங்கில்களில் நாலைந்தை இறக்கி, விரல் முட்டியால் தட்டித் தட்டி ஒன்றைத் தேர்ந்தார். மூன்று வருடம் முற்றியது, அடிப்பக்கம், சதை கனமானது. தேய்பிறையில் வெட்டி ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டது என்றார். தேய்பிறை விஷயம் எனக்கு நிச்சயமில்லை. ஊறப்போடுவதற்குக் காரணம் உண்டு. மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் வண்டு துளைக்கிறது. ஊறினால் அந்தச் சத்து குறைந்து போகிறது.

பிளப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கொடுவாளை நுனியில் வைத்து மரக்கட்டையால் ஒரு தட்டு. அதன்பின் கத்திக்கு வேலையே இல்லை. பிளவு தானாக ஓடுகிறது. ஓடும்போது ஒரு பக்கம் மெலிந்து விலகினால், கனமான பக்கத்தைக் காலால் மிதித்து வளைக்கிறார். பிளவு அந்தப் பக்கம் திரும்பி நடுவுக்கு வந்துவிடுகிறது. மாட்டைத் தும்பு பிடித்துத் திருப்புவதுபோல. ஒன்றரை விரல் அகலத்தில் ஒரு பிளாச்சு கையில் வந்தது. உள்பக்கக் கணுத்தட்டுகளைச் செதுக்கினார். வெளிப்பக்கப் பச்சைத் தோலில் கணு மேட்டை லேசாகத் தேய்த்ததோடு சரி, கத்தியே படவிடவில்லை.

"அதுலதாங்க உசுரு."

மூங்கிலின் நார் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கிறது. உள்ளே போகப் போகச் சதை. வில்லை இழுக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்பக்கம் இழுபடும், எய்பவர் பக்கம் அமுங்கும். இழுபடும் பக்கத்தில் தோல் இருந்தால்தான் தாங்கும். நான் வேப்பங்கொம்பில் எந்தப் பக்கம் எது என்றே பார்க்கவில்லை.

கைப்பிடி நடுவில் வருமாறு கணுக்களை இருபுறமும் சரிபார்த்து, நுனியை நோக்கி அகலத்தைக் குறைத்தார். நெருப்பில் வாட்டினார்; மூங்கில் தோலில் எண்ணெய் பூத்தது. ஒரு பக்கக் கோணலை முழங்காலில் வைத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார், சூடு ஆறும்வரை. இதுவரை அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. வில் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அதன்பின் இரண்டு மணி நேரம் ஆனது.

சாய்ப்பின் நடுக்காலில் ஒரு வெட்டு இருந்தது. அதில் வில்லின் நடுவை வைத்து, தளர்வாக ஒரு கயிறு கட்டி, என்னைக் கீழ்நோக்கி இழுக்கச் சொன்னார். தான் ஆறேழு அடி தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் விட்டதும் எழுந்து வந்து கரிக்கட்டையால் ஓரிடத்தில் கோடு போட்டு, உடைந்த கண்ணாடித் துண்டால் அங்கே மட்டும் சுரண்டினார். பூப்போலச் சுருள் விழுந்தது. மறுபடி இழு, மறுபடி பார், மறுபடி கோடு. இருபது தடவைக்கு மேல் இருக்கும். சுரண்டியது கொஞ்சம், பார்த்ததுதான் அதிகம்.

எந்த இடத்தில் சுரண்டுகிறார் என்று கேட்டேன். "வளையாத எடத்துல. வளையுற எடத்தைத் தொடவே கூடாதுங்க. அது பாவம், ஏற்கெனவே அதுதான் மொத்த பாரத்தையும் சொமக்குது."

முறிந்த என் வில் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வளைகிற இடத்தையே இன்னும் இளக்கியிருக்கிறேன். ஒரு பட்டையின் அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். கனத்தைப் பாதியாக்கினாலோ விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். அதனால்தான் கனத்தில் கை வைக்கும்போது அவர் கத்தியை ஓரம் வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மாறினார். இந்தக் கணக்கை எட்டில் ஒன்று என்று அவர் சொல்லவில்லை. "கத்தி வேகமான ஆளு, இதுக்கு ஆகாது" என்றார்.

நாணுக்கு நான் கொண்டுபோன நைலான் கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்த்துத் திருப்பித் தந்தார். "இது இழுவுதுங்க. வில்லு உதைக்கறதை எல்லாம் இதே தின்னுரும்." அவர் அப்பா காலத்தில் மருள் நாராம். அடி புதராக வரிவரியான இலையோடு வேலியோரம் நிற்கும் அதே மருள்; அதன் ஆங்கிலப் பெயரே வில்நாண் சணல் என்று பொருள்படும். இப்போது நாரெடுக்கப் பொறுமை யாருக்கும் இல்லை. பருத்தி நூலை மூன்று புரியாக முறுக்கித் தேன்மெழுகு தடவினார். நாண் ஏற்றியதும் மகளின் முட்டியைக் கைப்பிடியில் வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தச் சொன்னார். விரல் நுனி நாணைத் தொட்டது. சரி என்று தலையாட்டினார்.

அம்பு அவர் மனைவியின் வேலை. நாணல் தட்டை, பின்னால் நாண் பதிய ஒரு வெட்டு, இரண்டு கோழி இறகு. முனையில் பழைய ஹவாய் செருப்பிலிருந்து வட்டமாக அறுத்த ரப்பர். முன்பாரம் இருந்தால் அம்பு நேராகப் போகும் என்பது ஒன்று. "கண்ணு மேல பட்டா என்னங்க பண்றது" என்பது இன்னொன்று. விளையாட்டு வில் விளையாட்டோடு நிற்பதில்லை என்பது கம்பனுக்கும் தெரியும். சிறு வயதில் இராமன் வில்லில் உண்டை வைத்து அடித்ததைக் கூனி மறக்கவில்லை என்றுதான் அவள் கோபத்துக்குக் காரணம் வைக்கிறான். அந்த உண்டைக்கு யாராவது ரப்பர் வைத்திருக்கலாம்.

மகள் எய்த முதல் அம்பு காலடியில் விழுந்தது. மூன்றாவது, பதினைந்து தப்படி தள்ளியிருந்த பஞ்சாரத்தில் பட்டுத் தெறித்தது. உள்ளே கோழி போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

எவ்வளவு என்று கேட்டேன். "இந்நேரத்துக்கு ரெண்டு மொறம் முடிச்சிருப்பனுங்க. அதைக் குடுங்க" என்றார். கொடுத்தேன். அந்தக் கண்ணுக்கும் காத்திருப்புக்கும் அது விலையே இல்லை. ஆனால் முறத்துக்கு இன்று யார் என்ன கொடுக்கிறார்கள் என்பதுதான் அந்தத் தெருவில் எல்லாவற்றுக்கும் அளவு. சமைக்கும் வீட்டிலேயே முறம் இல்லாதபோது அவர் வேறு எதை அளவாக வைப்பார்?

கிளம்பும்போது மகளிடம் இரண்டே சேதி சொன்னார். விளையாடி முடித்தால் நாணை அவிழ்த்து வை. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடாதே. அம்புக்குப் போக வேண்டிய உதை அம்பு இல்லாவிட்டால் வில்லுக்கே திரும்பும், வில் சிதறிவிடும். முதலாவதை அவள் மறக்கிறாள், நான் செய்கிறேன். இரண்டாவதை மறந்ததில்லை.

பண்ணாரிக்குப் போகிறவர்கள் அந்தச் சாய்ப்புகளைத் தாண்டித்தான் போக வேண்டும். இறங்கி ஒரு முறமாவது வாங்குங்கள். வில் வேண்டுமென்றால் குழந்தையையும் கூட்டிப் போங்கள். இல்லாவிட்டால் மோர்தான் கிடைக்கும்.