துப்பு கொடுத்தவள்

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் என்னை நம்பிச் சொன்ன விஷயத்தை, அவளுக்குத் தெரியாமல் ஒரு தாளில் எழுதி மேடையில் இருந்தவரிடம் கொடுத்தேன். அவர் அதை வைத்து, ஹால் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் அவளை அழவைத்தார். அவள் கண் காய்வதற்குள் அடுத்த கட்டப் பயிற்சிக்குக் கையெழுத்து வாங்கினோம். அந்தப் பணத்துக்காக அவள் வளையல்களை அடகு வைக்கப் போனபோது துணைக்குப் போனவளும் நான்தான்.

யாரும் என்னை மிரட்டி இதைச் செய்ய வைக்கவில்லை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தே செய்தேன். அப்படி நினைத்ததால் குற்றம் குறையும் என்று கொஞ்ச காலம் நம்பினேன். இப்போது நம்பவில்லை.

ஆளுமை வளர்ச்சி, தலைமைப் பண்பு என்றெல்லாம் பெயர் போட்டு நடக்கும் மூன்று நாள் பயிற்சி அது. இடம் கோவையில் ஒரு ஹோட்டல் ஹால். அப்பா இறந்த அடுத்த வருடம் நான் அங்கே போனேன். வீட்டைப் பிரிப்பதில் எனக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அலுவலகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டவர் வெகு நாள் பழக்கமான அக்கா ஒருவர். "லீவு போட்டுட்டு வா கண்ணு, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

உள்ளே நுழைந்ததும் செல்போனை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார்கள். ஜன்னல்களில் கனத்த திரை. ஏசியில் பல் கிட்டியது. காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 11 வரை. நடுவில் எழுந்து பாத்ரூம் பக்கம் நடந்தால், "எதுல இருந்து ஓடுறீங்க?" என்று மைக்கில் கேட்பார்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கேள்வி கேட்டால் அதற்குப் பதில் வராது; உங்களுக்குள் 'ரெசிஸ்டன்ஸ்' இருக்கிறது என்று வரும். பசியும் தூக்கமும் கூச்சமும் சேர்ந்து இரண்டாம் நாள் இரவுக்குள் மனிதர் இளகிவிடுகிறார். அந்த நேரத்தில்தான், யாரோடு கோபமோ அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்லி உறையைப் பிரித்துப் போனைக் கையில் கொடுப்பார்கள்.

நான் தம்பியைக் கூப்பிட்டேன். ஹோட்டல் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் அழுதோம். அந்த அழுகையில் பொய் இல்லை. பயிற்சியில் ஒன்றுமே இல்லை, முழுக்க ஏமாற்று என்று எழுதினால் நான் இன்னொரு பொய் சொன்னவள் ஆவேன். எனக்குத் தம்பி திரும்பக் கிடைத்தான். கிடைத்தவனை மறுநாள் மாலை, குடும்பத்தாரை அழைத்து வரும் நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போய் அடுத்த பேட்சில் சேர்த்துவிட்டேன். தம்பியோடு சமாதானம் ஆனது என்னால், அவனால், அப்பாவின் நினைவால். நான் அந்த நன்றி முழுவதையும் மேடையில் நின்றவருக்குக் கொடுத்தேன். அவர்கள் பிடித்துக்கொண்டது அந்த நன்றியைத்தான்.

இந்தப் பயிற்சி முறையை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பது பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது. 1958இல் கலிபோர்னியாவில் சார்ல்ஸ் டெடெரிக் போதை அடிமைகளுக்காக சினனான் என்ற இல்லத்தைத் தொடங்கினார். வட்டமாக உட்கார்ந்து ஒருவரை மற்றவர்கள் வார்த்தையால் கிழிப்பது அங்கே சிகிச்சை. அதற்கு 'விளையாட்டு' என்று பெயர். 20 வருடத்தில் அந்த இல்லம், தன்னை எதிர்த்து வழக்காடிய வக்கீலின் தபால் பெட்டியில் விரியன் பாம்பைப் போடும் இடத்துக்கு வந்துவிட்டது. 1971இல் சான்பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் தொடங்கிய 'எஸ்ட்' பயிற்சியில் நான் பார்த்த எல்லாமே இருந்தன: ஹோட்டல் ஹால், மணிக்கணக்கில் உட்கார்வது, கழிப்பறைக் கட்டுப்பாடு, மைக்கில் அந்தரங்கம், கைதட்டல். ஊர் மாறி, மொழி மாறி, கடைசியில் கோவை வரைக்கும் வந்திருக்கிறது.

முதல் கட்டத்துக்கு 7,500 ரூபாய். இரண்டாவதற்கு 40,000. அதற்கு மேல் உள்ளதெல்லாம் லட்சக் கணக்கு. பணம் கட்ட முடியாதவர்களுக்கு 'சேவை' இருந்தது. கட்டியவர்களுக்கும் இருந்தது. நாற்காலி போடுவது, பெயர் அட்டை எழுதுவது, டீ கொடுப்பது, இரவில் போன் பேசி ஆள் சேர்ப்பது. ஒரு ரூபாய் சம்பளம் கிடையாது. அந்த நிறுவனம் ஓடியதே எங்கள் உழைப்பில். நாங்கள் அதை வேலை என்று நினைக்கவில்லை, வளர்ச்சி என்று நினைத்தோம்.

என்னிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. கோடு போட்டு மூன்று பகுதி: பெயர், போன் நம்பர், 'எங்கே சிக்கியிருக்கிறார்'. மூன்றாவதுதான் முக்கியம். கணவர் குடிக்கிறாரா, பிள்ளை படிக்கவில்லையா, கல்யாணம் தள்ளிப்போகிறதா, கடனா. சித்தப்பா, சின்ன வயதுத் தோழி, பையனின் டியூஷன் டீச்சர், மாடி வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரிந்த அத்தனை பேரின் கஷ்டமும் அந்தக் கோட்டுக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு கூடி உட்கார்ந்து நோட்டை வாசிப்போம். சொன்ன எண்ணிக்கைக்கு ஆள் வரவில்லை என்றால் எழுந்து நின்று, "நான் வாக்குத் தவறியவள்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது. மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுவேன்.

முதலில் சொன்ன அந்தப் பெண் என்னைவிட 12 வயது இளையவள். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. மதியம் சேர்ந்து சாப்பிடுவோம். கல்யாணமாகி மூன்றாம் வருடம் ஐந்து மாதக் கரு கலைந்தது. அன்று மாமியார் சொன்ன ஒரு வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட. என்னிடம் ஒருநாள் சொன்னாள். டிபன் பாக்ஸை மூடிவிட்டு, கையைக் கழுவாமலேயே உட்கார்ந்து சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்று இரவு நோட்டில் எழுதினேன்.

அவள் சேர்ந்த பேட்ச் தொடங்குவதற்கு முன்பு, சேவையில் இருந்த எங்களிடம் புதிதாக வருகிறவர்களைப் பற்றிக் குறிப்புக் கேட்டார்கள். "சாருக்கு உதவியா இருக்கும்" என்றார்கள். நான் முழுசாக எழுதிக் கொடுத்தேன். மாமியார் சொன்ன அந்த வார்த்தை உட்பட.

இரண்டாம் நாள் அவர் அவளை மைக்கருகே கூப்பிட்டார். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். "ஒரு குழந்தையை இன்னும் இறக்கி வைக்காம தூக்கிட்டு நடக்கறீங்களேம்மா" என்றார். அவள் உடைந்து போனாள். பிறகு அந்த வார்த்தையைக் கிட்டத்தட்ட அப்படியே சொல்லி, "இதைச் சொன்னவங்களை எப்ப விடப்போறீங்க?" என்று கேட்டார். ஹாலே அழுதது. நான் பின் சுவரோரம் டிஷ்யூ பெட்டியோடு நின்றிருந்தேன். அது எங்கள் வேலைகளில் ஒன்று.

இடைவேளையில் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அவருக்கு எப்படிங்க்கா தெரிஞ்சுது? உங்களைத் தவிர நான் யாருகிட்டயும் சொன்னதே இல்லீங்க்கா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சந்தேகமாகப் பார்க்கவில்லை. அப்படி ஒரு சந்தேகம் அவளுக்குத் தோன்றவே இல்லை. வாய் திறக்க எனக்குக் கிடைத்த நேரம் அதுதான். "சாருக்கு அந்தப் பார்வை இருக்கு" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அந்த ஒரு வாக்கியம். தாளில் எழுதிக் கொடுத்தபோது எனக்கு விஷயம் முழுசாகப் புரியவில்லை என்று ஒரு சால்ஜாப்பு உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. அவர் நடத்தியது வித்தை என்று தெரிந்தே, அதற்கு நான் சாட்சி சொன்னேன்.

நாலு நாள் கழித்து நகைக் கடனுக்குப் போனோம். அம்மா சீராகக் கொடுத்த நாலு வளையல். ஒன்று கைக்கு இறுகிக் கழலவில்லை. வங்கியின் வாஷ்பேசினில் சோப்பு போட்டு நான்தான் உருவி எடுத்தேன். மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றாக உரைகல்லில் இழுத்து, அமிலம் தொட்டு வைத்து, தராசில் போட்டார். புருஷனிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். "உன் வளர்ச்சிக்கு யார்கிட்ட அனுமதி வாங்கணும்?" என்றேன். அது என் சொந்த வாக்கியம்கூட இல்லை, அங்கே கற்றுக்கொண்டது. அவளுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் அதைப் போட்டேன். அவள் வட்டி கட்ட முடியாமல் போய் வளையல்கள் ஏலத்துக்குப் போயின.

மனசாட்சி உறுத்தி வெளியே வந்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்தது அதுவல்ல. நான் எதிர்பார்த்திருந்த ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை, என்னால் உள்ளே வந்த ஒருவருக்கே கொடுத்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் போகாமல் இருந்தேன். போகாமல் இருந்த ஒரே மாதத்தில், தினம் பேசிய அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரே நாளில் துடைத்தெடுத்த மாதிரி. அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1959இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர விரும்பிய கல்லூரிப் பெண்களில் சிலரை, சேர்வதற்கு முன் ஓர் ஆண் முன்னால் ஆபாசச் சொற்களை உரக்கப் படிக்க வைத்தார்கள். சிலருக்கு அந்தச் சங்கடம் இல்லை. பிறகு எல்லோருக்கும் கேட்கக் கிடைத்தது வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி தயாரித்த ஒரே உரையாடல். அதிகம் கூசிச் சேர்ந்தவர்களே அதை நன்றாக இருந்தது என்றார்கள். நான் கட்டிய பணமும் எழுந்து நின்று பட்ட அவமானமும் ஏன் என்னை இன்னும் இறுக்கிக் கட்டின என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நெக்சியம் வழக்கு என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. 1998இல் நியூயார்க் மாநிலம் ஆல்பனி பக்கம் கீத் ரெனீரியும் நான்சி சால்ஸ்மனும் தொடங்கிய அமைப்பு அது. வெற்றி பெறக் கற்றுத்தரும் பயிற்சி, படிநிலை காட்டும் வண்ணப் பட்டை, ஆள் சேர்த்தால் மேலே போகலாம் என்ற ஏணி. ரெனீரி அதற்கு முன் நடத்திய நிறுவனம் பிரமிட் மோசடி என்று பல மாநிலங்களில் விசாரணைக்கு உள்ளாகி மூடப்பட்டது. பின்னாளில் உள்ளுக்குள்ளேயே பெண்களுக்கு ரகசியக் குழு ஒன்று. சேர வேண்டும் என்றால் தன்னைப் பற்றிய கேவலமான ரகசியத்தையோ நிர்வாணப் படத்தையோ எழுத்து மூலமான பழிகளையோ பிணையாகக் கொடுக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே சூட்டுக்கோலால் அவருடைய பெயரெழுத்துகள். 2019இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2020இல் 120 வருடச் சிறை. நான்சி சால்ஸ்மன், பணம் போட்ட கிளேர் பிரான்ஃப்மன், நடிகை அலிசன் மேக் ஆகியோரும் சிறைக்குப் போனார்கள்.

நான் ரெனீரியை நினைத்துப் பயப்படவில்லை. அந்தப் பெண்களை நினைத்துத்தான். சூடு வாங்கியவர்களில் ஒருவரான சாரா எட்மண்ட்சன் வான்கூவரில் அந்த அமைப்பின் மையத்தை நடத்தியவர், ஏராளமானவர்களைச் சேர்த்துவிட்டவர். தன் தழும்பைப் பத்திரிகையில் காட்டியவரும் அவரே. பாதிக்கப்பட்டவர், பாதித்தவர் இரண்டும் ஒரே ஆள். எங்கள் குழுவில் சூடும் இல்லை, படமும் இல்லை. ஆனால் ரகசியத்தை வாங்கி வைத்து ஆளைப் பிடிக்கும் வேலை இருந்தது. அதை நான் செய்தேன்.

என்னோடு வேலை பார்த்த அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். தாளில் எழுதிக் கொடுத்ததை, இடைவேளையில் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும். அவள் கத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒன்று கேட்டாள்: "அப்ப நான் அன்னிக்கு அழுததுக்கு என்னங்க்கா அர்த்தம்? அதுக்கப்புறம்தானே எனக்குத் தூக்கமே வந்துச்சு." எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியாது. அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதலையும் உண்மை சொல்கிறேன் என்று நான்தான் பிடுங்கினேனோ என்று நினைக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கவும் முடியாது. வளையலுக்காக நான் கொடுத்த பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டாள். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, எடுக்க வேண்டும் என்றும் இல்லை.

தம்பி இன்னும் உள்ளே இருக்கிறான். இப்போது அவன்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நடத்துகிறான். நான் விலகியது பொறாமையால் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதி உண்மை என்பதால் அவனிடம் வாதாட எனக்கு வாய் எழுவதில்லை. அந்த அமைப்பைத் திட்டினால் அவன் எழுந்து போய்விடுகிறான். அதனால் திட்டுவதை விட்டேன். மாதம் ஒருமுறையாவது சாப்பிட வரச் சொல்கிறேன். வருகிறான். போன முறை, அந்தப் பெண்ணுக்கு நான் செய்ததை மட்டும் அவனிடம் சொன்னேன். அவர்கள் செய்ததைச் சொல்லவில்லை. "நீ பண்ணினது தப்புதான்" என்றான். "சரி, உன் நோட்டுல மூணாவது கோட்டுல என்ன எழுதற?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ரசம் ஊற்றிக்கொண்டான். அடுத்த முறை வரும்போது மறுபடி கேட்பேன்.