ஜோடியில் ஒன்றைத் தொடாதீர்கள்

மலிவான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைப் பிரித்து மேம்படுத்த உட்காரும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒன்றை மட்டும் பிரியுங்கள். மற்றதை ஒரு திருகுகூடக் கழற்றாமல் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டையும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடிவிட்டால் பிறகு எதோடு ஒப்பிட்டுக் கேட்பீர்கள்? காதின் ஞாபகம் மிகக் குறுகியது. நேற்றுக் கேட்ட ஓசை எப்படி இருந்தது என்பது இன்று மறந்துபோகும். அதை மாற்றப் பட்ட பாடு மட்டும் மறக்காது. பாடுபட்டவர் காதுக்கு எல்லாமே முன்னைவிட இனிமையாகத்தான் கேட்கும்.

ஒப்பிடுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பெரும்பாலான கைபேசிகளின் 'அக்செஸிபிலிட்டி' பகுதியில் மோனோ ஆடியோ என்று ஒரு வசதி இருக்கும். ஒலியை இடமும் வலமும் தள்ளும் கோடும் அங்கேயே இருக்கும். மோனோவில் ஒரு பாட்டை ஓடவிட்டு, அந்தக் கோட்டைத் தள்ளித் தள்ளிக் கேட்டால் போதும். இரண்டு பெட்டிகளையும் ஒட்டி வையுங்கள், நடுநடுவே இடம் மாற்றி வையுங்கள். ஒலி அளவும் சமமாக இருக்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே கேட்கும். இந்த ஒரு காரணத்தால் மட்டுமே பல 'முன்னேற்றங்கள்' பாராட்டு வாங்கிவிடுகின்றன.

எந்த ஜோடியை எடுப்பது? பழைய மியூசிக் சிஸ்டங்களோடு வந்த பெட்டிகள் பரணில் கிடக்கும். இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையிலோ கிடைக்கும். கீழ்ச்சுரங்களை ஒலிக்கும் வூஃபரின் ஓரத்தில் கோனைத் தாங்கும் வளையம் ரப்பராக இருந்தால் எடுங்கள். ஃபோம் வளையம் கடலோரக் காற்றின் ஈரத்தில் வருடங்கள் போகப் போக உதிர்ந்து மாவாகிவிடும். கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள், அது தொடக்கக்காரர் வேலை அல்ல. மேல்சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டர் நிஜமானதுதானா என்றும் பாருங்கள். வெறும் அலங்காரத்துக்கு ஒட்டிய ட்வீட்டர்களும் உண்டு.

திறக்கும்போது கோன்மேல் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வூஃபரின் காந்தம் ஸ்க்ரூ டிரைவரைச் சுண்டி இழுத்துக் காகிதக் கோனில் குத்தவைத்துவிடும். உள்ளே பெரும்பாலும் பார்ப்பது இவ்வளவுதான்: வூஃபருக்கு நேராக இரண்டு வயர், ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒரேயொரு சிறிய கெப்பாசிட்டர். அது 3.3 மைக்ரோஃபாரட், ட்வீட்டர் 8 ஓம் என்றால், சுமார் 6,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அது படிப்படியாகத் தடுக்கிறது. இதைப் பார்த்து யாரும் ஏளனம் செய்யக் கூடாது. அந்த விலைக்குள் அடக்க வேண்டிய ஒருவர், காகிதக் கோன் தானாகவே மேல்சுரங்களில் தளர்ந்துவிடும் என்பதை நம்பிப் போட்ட கணக்கு அது. நமக்கு அந்த விலைக் கட்டுப்பாடு இல்லை. நம் நேரத்துக்கு யாரும் கூலி போடப்போவதுமில்லை.

என்றாலும் கெப்பாசிட்டரில் இப்போது கை வைக்க வேண்டாம். முதலில் பெட்டி. விரல் முட்டியால் பக்கப் பலகையைத் தட்டுங்கள். மெல்லிய பார்ட்டிகிள் போர்டு 'டொங்' என்று நீளமாகச் சொல்லும். வூஃபர் ஒலிக்கும்போதெல்லாம் பலகையும் அதே சுரத்தைத் தன் பங்குக்குப் பாடிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க மிருதங்கத்தைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. அதன் வலப்பக்க முகமான வலந்தலையின் நடுவே இருக்கும் கரணை என்ற கறுப்புப் பூச்சு, தோலின் மேற்சுரங்களை அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. சி. வி. ராமன் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து 1920-ல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். சாதாரணத் தோல் வாத்தியத்தில் இல்லாத அந்தச் சுருதிச் சுத்தம் இருப்பதால்தான் மிருதங்கம் பாடகரோடு சேர்ந்து நிற்கிறது. சில நூறு ஹெர்ட்ஸில் பலகை தன் சுரத்தைக் கலந்தால், முதலில் கெடுவது அந்தச் சுத்தம்தான். தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக முடிகிறதா, ஒன்றின் வால் அடுத்ததன் மேல் படிகிறதா என்று கேளுங்கள்.

மருந்து எளியது. எதிரெதிர்ப் பலகைகளுக்கு நடுவே ஒரு மரச்சட்டத்தை இறுக்கமாக வெட்டிப் பசை போட்டு நிறுத்துங்கள். கார் அலங்காரக் கடைகளில் கதவுக்கு ஒட்டும் தார் ஷீட் கிடைக்கும். அதைப் பலகைகளின் உட்புறம் ஒட்டுங்கள். பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் உருவாக்கிய எல்.எஸ் 3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கரில், கனமான பலகைக்குப் பதிலாக மெல்லிய பிளைவுட்டும் அதன்மேல் அதிர்வை உறிஞ்சும் அடுக்குமே இருந்தன. மூலைகளிலும் பின்பக்க டெர்மினலைச் சுற்றியும் காற்றுக் கசிவு இருந்தால் எம்-சீல் வைத்து அடையுங்கள். ஓட்டை இல்லாத மூடிய பெட்டியில் கோனை அழுத்தி விட்டால் அது தயங்கித் தயங்கித் திரும்பும். கசிவு இருந்தால் சட்டென்று திரும்பிவிடும்.

உள்ளே 30 செ.மீ. உயரம் என்றால் 570 ஹெர்ட்ஸ் வாக்கில் மேலும் கீழுமாக ஓர் அலை நிலைத்து நிற்கும். தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சை உதிர்த்து வைத்தால் அது அடங்கும். பின்னால் காற்றுத் துளை உள்ள பெட்டியானால் அந்த வழியை மட்டும் மறைக்காதீர்கள். இவ்வளவையும் செய்து மூடிவிட்டு, தொடாத பெட்டியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். பலருக்கு இங்கேயே வியப்பு வந்துவிடும். ஒரு மின் உதிரிபாகம்கூட இன்னும் மாறவில்லை.

இனி, ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸோவர். வூஃபரிடமிருந்து மேல்சுரங்களைப் பிரித்துவிட ஒரு காயில் வேண்டும். இதற்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு: மோட்டார் காயில் கட்டும் கடைகளில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை எடைக்கு வாங்கலாம். பிளாஸ்டிக் உருளையில் நீங்களே சுற்றலாம். லிங்க்விட்ஸ், ரைலி என்ற இருவர் உருவாக்கி 1976-ல் வெளியான முறைப்படி, 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்க 8 ஓமுக்கு 0.85 மில்லிஹென்றி காயிலும் 3.3 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வரும். வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் இதே அளவுகளில் ஆளுக்கொரு சோடி. கெப்பாசிட்டரை 'நான்-போலார்' என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் இந்த எண்களை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். '8 ஓம்' என்று பின்னால் அச்சிட்டிருக்கும் வூஃபர் ஒத்ததிர்வு இடத்தில் 20, 30 ஓம் காட்டும். மேல்சுரங்களில் மறுபடி ஏறும். அதோடு பெட்டியின் முகம் 20 செ.மீ. அகலம் என்றால், 575 ஹெர்ட்ஸ் வட்டாரத்துக்கு மேலே உள்ள ஒலியை அந்த முகம் முன்னால் தள்ளிவிடுகிறது. கீழே உள்ளது பெட்டியைச் சுற்றிப் பின்பக்கமும் போய்விடுகிறது. குரல் மெலிந்து, மூக்கால் பாடுவதுபோல் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதைச் சமன்செய்ய, வூஃபருக்குப் புத்தகம் சொல்வதைவிடப் பெரிய காயிலைச் சுற்றி, கேட்டுக் கேட்டுச் சுற்றுகளைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். மொத்த ஒலி கொஞ்சம் தணியும்; ஒப்பிடும்போது அதை ஈடுகட்டுங்கள். ட்வீட்டரின் இரு வயர்களையும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். இந்த முறையில் பெரும்பாலும் தலைகீழாகக் கொடுத்தால்தான் குரல் நிறையும். இந்தக் கட்டத்துக்கு இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' வயலின்களைப் போடுவது என் பழக்கம். வில் கம்பியைத் தொடும் இடமும் வயலினின் மரம் ஒலிக்கும் இடமும் ஒரே கருவியாகச் சேர்ந்து கேட்க வேண்டும். அவை தனித்தனியாகப் பிரிந்து கேட்டால், பிரிக்கும் இடம் சரியில்லை.

விலையுயர்ந்த கெப்பாசிட்டர்களுக்கு நான் பணம் செலவழிப்பதில்லை. பழைய எலக்ட்ரோலிடிக் காய்ந்து அளவு மாறியிருக்கும், அதற்காக மாற்றுகிறேன். அதே அளவில் சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டர் போதும். ஐந்து அங்குல வூஃபரிடம் கல்யாண வீட்டு டிரம்ஸைக் கேட்பதுமில்லை. அதனால் முடிந்த இடத்தில் அது தெளிவாகப் பேசினால் எனக்கு நிறைவு.

தொடாத பெட்டியைவிட இது நல்லது என்று சமமான ஒலி அளவில் பலமுறை தோன்றிய பிறகே அந்த இரண்டாவதைத் திறக்க வேண்டும். அதிலும் அதே சட்டம், அதே பஞ்சு, அதே சுற்றுகள். வூஃபரின் பிளஸ், மைனஸில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு, இரண்டு பெட்டிகளிலும் கோன் ஒரே பக்கம் நகர்கிறதா என்று பாருங்கள். பிறகு மோனோவில் ஒற்றைக் குரல் ஒன்றைப் போட்டு இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். அந்தக் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். 'ச'வும் 'ஸ'வும் வரும்போது மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு பெட்டிகளின் காயில்களையும் மறுபடி அளந்து பாருங்கள். ஒன்றில் சில சுற்றுகள் கூடியிருக்கக்கூடும்.