குளிர்ப்பெட்டிக்கு இரண்டு விலை

குளிர்சாதனப் பெட்டி வாங்கச் செல்வோர் அதன் விலையையும் கொள்ளளவையும் நிறத்தையும் வினவுகின்றனர். அஃது ஓராண்டில் எத்தனை யூனிட் மின்சாரம் உண்ணும் என வினவுவோரை யாம் அரிதாகவே கண்டிருக்கின்றோம். விளக்கை அணைக்கின்றோம், விசிறியை நிறுத்துகின்றோம், இப்பெட்டி மட்டும் இரவு பகலாக மின்னிணைப்பிலேயே நிற்கின்றது. ஆதலின் கடையில் ஒருமுறை கொடுக்கும் விலை போக, பல்லாண்டு மின்கட்டணமாகக் கொடுக்கும் விலை ஒன்றும் அதற்கு உண்டு.

இதனை யாம் ஆராய நேர்ந்தது ஓர் அன்பளிப்பின் பொருட்டு. எம் இல்லத்தில் இருபதாண்டுக்கு மேல் உழைத்த இருகதவுப் பெட்டி ஒன்று இருந்தது. புதியது வாங்குவதென்றும், பழையதை எம் வீட்டில் பணிபுரியும் அம்மையாருக்கு வழங்குவதென்றும் இல்லத்தார் எண்ணினர். அவருடைய தாயார் சர்க்கரை நோயாளி. 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் காக்கவேண்டிய இன்சுலினை அவர்கள் மண்பானை நீரில் வைத்துக் காத்து வந்தனர். சித்திரை வெயிலை மண்பானை எவ்வளவுதான் தாங்கும்? தேவை ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் அவ்வம்மையார் கேட்டார்: "பெட்டி குடுத்துடுவீங்க சார், கரண்டு காசுக்கு நான் எங்கே போவேன்?"

இயற்பியல் துறை நண்பரிடம் சிறு மின்அளவி ஒன்றை இரவல் பெற்றுப் பழைய பெட்டியை அதன்வழி இணைத்துப் பார்த்தோம். ஒரு நாளில் 2.2 யூனிட், மாதத்திற்கு 66. கதவின் ரப்பர்ப் பட்டை தளர்ந்திருந்தது. கதவிடுக்கில் தாள் ஒன்றை வைத்து மூடி இழுத்தால் தடையின்றி வந்தது. வெளிவெப்பம் உள்ளே கசியக் கசியக் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தையும் பெட்டி அடுக்களையிலேதான் கொட்டுகின்றது. சுவரோடு ஒட்டி வைத்தால் அது வெளியேற வழியின்றிச் செலவு மேலும் கூடும். (இரவில் பெட்டியை நிறுத்தி வைப்பது சிக்கனம் என்று நம்பும் பெரியவர்கள் எம் குடும்பத்தில் உளர். இரவில் புகுந்த வெப்பத்தை விடியலில் இறைத்தே தீரவேண்டும் என எடுத்துரைத்தும் அவர்தம் கை சுவிட்சை நோக்கியே செல்கின்றது!)

தமிழகத்தில் 2016-இல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. அப்பழைய பெட்டி ஒன்றே அக்காலத்தில் 132 யூனிட்டை விழுங்கும். அன்றியும் அம்மையார் குடியிருப்பது வாடகை வீடு. உரிமையாளர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் பெறுகின்றார். மாதம் 528 ரூபாய், ஆண்டுக்கு 6,336. யாம் இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்கு அவர் செலுத்த வேண்டிய தொகை இது! ஈராண்டுத் தொகையில் ஒற்றைக்கதவுப் புதுப்பெட்டி ஏறத்தாழ வந்துவிடும்.

நடுவணரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் நட்சத்திர முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. மக்கள் நட்சத்திரங்களை எண்ணுகின்றனர். அதன்கீழ் அச்சிட்ட ஆண்டு யூனிட் எண்ணைப் படிப்பதில்லை. அளவுகோல்கள் அவ்வப்போது இறுக்கப்படுவதால் அன்றைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. பெரிய பெட்டியின் ஐந்து நட்சத்திரம் சிறிய பெட்டியின் மூன்றைவிட மிகுதியாக மின்சாரம் உண்ணவும் கூடும்.

பழையதை எவர்க்கும் கொடாமல் கடைக்காரரிடமே மாற்றாகத் தள்ளினோம். எமக்கெனக் குறித்திருந்த பெரிய பெட்டியைக் கைவிட்டுச் சிறியதொன்று வாங்கி, மிஞ்சிய பணத்தோடு சிறிது சேர்த்து அம்மையாருக்கும் ஒற்றைக்கதவுப் பெட்டி வாங்கினோம். முத்திரையில் ஆண்டுக்கு 150 யூனிட் என்றிருந்தது. அதனைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். உறைந்தால் இன்சுலின் கெடும் ஆதலின் நடுத்தட்டில் வைக்கச் சொன்னோம்.

முதல் மாதம் துணை மீட்டரில் 15 யூனிட் கூடியிருந்தது. 120 ரூபாய். "இது கட்டலாம் சார்" என்றார் அம்மையார்.