கால்கட்டு

திருமணத்திற்கு நம் நாட்டிலே பெயர்கள் பல. அவற்றுள் ஊரார் வாயில் வழங்கும் பெயர் ஒன்று உண்டு: கால்கட்டு! ஊர் சுற்றும் காளைக்குக் கால்கட்டு. உழைக்க மறுப்பவனுக்குக் கால்கட்டு. கேலிப் பேச்சென்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், சித்தம் சிதைந்த இளைஞனுக்கும் அதே கால்கட்டைத்தான் மருந்தென்று நீட்டுகிறார்களே, அங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது.

நாம் ஆசிரியப் பணி புரிவது தோவாளைப் பக்கத்துச் சிற்றூரில். நம்மிடம் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி. அவளுடைய தமையன் கல்லூரியிலே கணிதம் கற்றவன், வயது இருபத்தொன்று. இரண்டாண்டுக்கு முன் நண்பரை விட்டு விலகினான். பின் படிப்பை விட்டான். குளிப்பதையும் விட்டான். ஆளில்லா அறையிலே இருவர் தன்னை ஏசுவதாகச் சொல்லிக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டான். தாய் தரும் சோற்றிலே நஞ்சு என்றான். பெற்றவள் பிசைந்த சோற்றிலே நஞ்சு! அந்தத் தாய் அன்றிரவு கண் மூடியிருப்பாளா?

இசக்கி பிடித்துவிட்டது என்றது ஊர். கயிறு வந்தது, தகடு வந்தது, மந்திரவாதி வந்தான். சேவல் போயிற்று, பணம் போயிற்று, மருத்துவம் தொடங்கியிருக்க வேண்டிய இரண்டாண்டும் போயிற்று.

தோழர்களே, ஊரை மட்டும் குறை கூறி என்ன பயன்? பேயை நம்பாத நம் படிப்பகத்து இளைஞர் சிலர், “அவன் நடிக்கிறான், வெறும் சோம்பல்” என்றனர். பேயை எழுப்பிவிட்டு, அதே நாற்காலியில் சோம்பலை அமர்த்துவதா பகுத்தறிவு?

இது நோய். மனச்சிதைவு என்பது தமிழ்ப் பெயர். ஸ்கிசோஃப்ரினியா என்பர் மருத்துவர். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. திரைப்படம் காட்டுவது போல் ஓருடலில் இரண்டு மனிதர் குடியிருப்பதல்ல. இல்லாத குரல் கேட்கும். இல்லாத பகை தெரியும். பேச்சின் கோவை அறுபடும். பிறகு ஆவல் வற்றும். முகத்தில் உணர்ச்சி மங்கும். இந்த வறட்சியைத்தான் சோம்பல் என்று பழிக்கிறார்கள். மூளையின் நரம்பணுக்கள் தமக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் இயக்கம் தடுமாறுகிறது. எனவே, குரல் கேட்கிறது என்பவன் பொய் சொல்லவில்லை. அவன் மூளைக்கு அது மெய்யாகவே கேட்கிறது. 1952இல் பாரிசிலே குளோர்புரோமசின் என்னும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர், கொந்தளிப்புத் தணிந்தது. டோபமைனின் வேகத்தை அம்மருந்து தடுப்பதே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. மந்திரம் தொடாத இடத்தை மாத்திரை தொட்டது!

தாயைப் பழிக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். வளர்த்த தாயின் குணமே இந்நோயை விளைக்கிறது என்று 1948இல் அமெரிக்காவிலே மனநல அறிஞர்களே எழுதினர். பட்டம் பெற்றவர் சொன்ன மூடநம்பிக்கை! பின்வந்த ஆய்வுகள் அதைத் தள்ளிவிட்டன.

தந்தையிடம் நாம் பேசச் சென்றோம். முதல் முறை மோரும் மௌனமுமே கிடைத்தன. இரண்டாம் முறை வாய் திறந்தார்: “சாரே, ஆசுபத்திரிக்குக் கொண்டு போனா ஊளம்பாறை கேசுன்னு பேரு விழுந்திரும். பொறவு இவளுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா? அவனுக்கு ஒரு கால்கட்டு போட்டா செரியாவும். பொண்ணு பாத்தாச்சு.” 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த நாஞ்சில் நாட்டிலே, திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனை அமைந்த ஊளம்பாறையின் பெயர் இன்றும் வசைச்சொல்.

பெண்ணிடம் செய்தி சொல்லப்படவில்லை. சொன்னால் யார் வருவார் என்றார். நோயுற்றோர் மணம் புரியலாகாது என்று நாம் கூறவில்லை. மருந்துண்டு தேறி, மறைக்காது உரைத்து, இருவர் மனமும் ஒப்பின் மணக்கட்டும். ஆனால், அறியாத பெண்ணொருத்தியை மருந்துப் புட்டியாக்குவதா? முக்கியச் செய்தியை மறைத்து ஒப்புதல் பெற்ற மணத்தை நீதிமன்றம் செல்லாததாக்க இந்து திருமணச் சட்டமே இடமளிக்கிறது.

கட்டிப்போட்டால் தீரும் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது? 2001 ஆகஸ்டு 6, அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகக் கீற்றுக் கொட்டகையிலே தீ! உள்ளிருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அங்கே கட்டியதும் காலைத்தான். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடுக்கிறது. தாலியால் கட்டுவதைத் தடுப்பது யார்?

“உம் மகளை இப்படி மறைத்து ஒருவன் கேட்டால் கொடுப்பீரா?” என்றோம். நெடுநேரம் பேசாதிருந்தார். மறுவாரம் மகனை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பெண் வீட்டாருக்கும் இப்போதைக்கு இல்லையென்று சொல்லி அனுப்பினார். ஐந்து திங்கள் ஆயிற்று. குரல்கள் முற்றும் ஓயவில்லை. தொலைவில் கேட்கின்றன என்கிறான். சோறு உண்கிறான்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தங்கை நின்றாள். “எனக்கும் வருமா சார்?”

மரபணுவுக்குப் பங்குண்டு என்றோம். அதுவே முழுக் காரணமல்ல. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வருவது பாதியளவோ அதற்கும் குறைவோதான். உடன்பிறந்தோர் நூறு பேரில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு வரலாம். தொண்ணூறு பேருக்கு வராது. கேட்டுக்கொண்டாள்.

“அண்ணன் மாத்திரையை நிறுத்தலாமான்னு அம்மா கேக்கா, சார்.”

“மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது” என்றோம். சொல்லிவிடுகிறேன் என்று பேருந்துக்கு ஓடினாள்.