இந்த வருஷமும் வீட்டில்தான்

ஸ்ரீரங்கம்,
மார்கழி

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சண்டைதான் போடுவோம். அதனால் எழுதுகிறேன். ஆமாம், பாப்பாவை இந்த வருஷமும் எல்.கே.ஜி.யில் சேர்க்கவில்லை. "டீச்சரம்மா பேத்தி பள்ளிக்கூடம் போகலையாமே" என்று ஊரில் கேட்கிறார்கள் என்றாய். ஊர் கேட்பது கிடக்கட்டும். உன் கோபத்துக்கு வேறு காரணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் விடியும் முன்னே நடவுக்கும் களையெடுக்கவும் போய்விட்ட வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள் நீ. பள்ளிக்கூடம் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை. உன் வயிற்றில் பிறந்தவளே பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறாளே என்று உனக்கு ஆறவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா, இப்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமே 6 வயதிலிருந்துதான் கட்டாயக் கல்வி பற்றிப் பேசுகிறது. இவளுக்கு நாலரை.

இனி கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். உன்னிடம் அடிக்காமல் யாரிடம் அடிப்பது? இங்கே வாயைத் திறந்தால் கண் பட்டுவிடும் என்று அத்தை உடனே மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட வந்துவிடுகிறார்.

மார்கழி அல்லவா, இருட்டோடு அத்தை வாசலில் கோலம் போடும்போது இவளும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்துவிடுகிறாள். அன்றைக்கு ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி, நாலில் முடிகிற கோலம். புள்ளி வைத்து நிமிர்ந்ததும், "மொத்தம் எத்தனைடி?" என்று அத்தை சும்மா கேட்டார். இவள் நடு வரிசையைத் தொடவில்லை. அதற்கு மேலே இருந்த மூன்று வரிசையை மட்டும் விரலை வைத்து எண்ணினாள். பதினைந்து. "கீழேயும் அதேதான் பாட்டி, எண்ண வேண்டாம். நடுவில ஏழு" என்றாள். மூன்றையும் கூட்டத் தெரியவில்லை. உள்ளே ஓடிப்போய்ப் பல்லாங்குழிச் சோழியை அள்ளிக்கொண்டு வந்து, பதினைந்து, பதினைந்து, ஏழு என்று வைத்து, முதலிலிருந்து எண்ணி 37 என்றாள். மேலும் கீழும் ஒன்று என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

படிப்பும் வந்துவிட்டது. புத்தகத்தைவிட பஸ் ஜன்னலில்தான் அதிகம் படித்தாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கடைப் பலகை ஒன்று விடாமல் எழுத்துக் கூட்டுவாள். வேடிக்கை என்னவென்றால், 'அ' தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்கு 'ஸ்ரீ' தெரியும். இந்த ஊரில் காபித்தூள் கடையிலிருந்து ஜெராக்ஸ் கடை வரைக்கும் அந்த எழுத்து இல்லாத பலகை ஏது? உன் அரிச்சுவடி வரிசைக்கு இது சரிப்படாது, திட்டாதே.

மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வந்ததும் முக்கொம்புக்குக் கூட்டிப் போனோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடத்தைக் காட்டி, "இந்த ரெண்டு ஆத்துக்கும் நடுவுலதான் நம்ம வீடு, ஸ்ரீரங்கம் ஒரு தீவு" என்றார் உன் மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்ததும் தாம்பாளத்தில் மணலைக் குவித்து, இரண்டு பக்கமும் வாய்க்கால் கீறி, சொம்பிலிருந்து தண்ணீர் விட்டு, மேட்டில் ஒரு மரச் சொப்பை வைத்தாள். "பெருமாள் நனையலை" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். கூடம் முழுக்கச் சேறு.

எழுதுவதில் மட்டும் அவசரப்படுத்தவில்லை. பென்சில் பிடிக்க விரலுக்கு இன்னும் பலம் வரட்டும். இப்போதைக்குத் தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதுகிறாள், நீ உன் பிள்ளைகளை எழுத வைத்த மாதிரியே. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பிறகு இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை'யின் பகுதியாகிவிட்டது. நாங்கள் போன வருஷம் பார்த்த ஒரு பள்ளியில் மூன்றரை வயதுக்கு நாலு கோடு நோட்டும் வீட்டுப்பாடமும். எனக்குப் பிடிக்கவில்லை, திரும்பிவிட்டேன்.

வீட்டில் படித்து யார் உருப்பட்டார்கள் என்று கேட்டாய். பக்கத்துத் திருவானைக்காவில்தான் 1888-ல் சி.வி. ராமன் பிறந்தார். அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர் 12 வயது வரைக்கும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. அப்பா ஆபீஸ் போகுமுன் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித் தருவார், தமிழ் அம்மாவுடையது. அதற்குப் பிறகுதான் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. 1983-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார். சிரிக்காதே, இவளுக்கு நோபல் வேண்டும் என்று நான் எழுதவில்லை. என் கண் அந்த அம்மாள் சீதாலட்சுமி மேல்தான். பத்துப் பிள்ளைகள். அதற்கு நடுவே தமிழ் சொல்லித் தந்திருக்கிறார், இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தும் இருக்கிறார். அது பெரிய அரசாங்க அதிகாரி வீடு, வாத்தியார் வைத்துக்கொள்ள வசதி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ சொல்வாய். நானும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிவதால்தான் இதெல்லாம் நடக்கிறது. எல்லோரும் இப்படிச் செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஒரு விஷயத்தில் நீ சொல்வது சரி. இவளுக்குத் தன் முறை வரும் வரை காத்திருக்கத் தெரியவில்லை. சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு விளையாடும்போது எல்லோரையும் விரட்டி அதிகாரம் பண்ணுகிறாள். ஆட்டத்தில் தோற்றால் ஆட்டத்தையே கலைக்கிறாள். எங்கள் மூன்று பேர் நடுவில் ஒற்றைப் பிள்ளையாக வளர்கிற கோளாறு இது, மணல் தட்டால் தீராது. நாற்பது பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்தவளுக்கு இதற்கு வழி தெரியும், எனக்குத் தெரியவில்லை.

அதனால் நீ வர வேண்டும். பகல்பத்து, இராப்பத்துக் கூட்டம் அடங்கட்டும். தை பிறந்ததும் கிளம்பு. ஜங்ஷனுக்கு அவர் வண்டி கொண்டு வருவார், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதே. பதினைந்து நாளாவது இரு. ரெக்கார்டு புத்தகத்துக்கு அனுப்ப வீடியோ எடு என்று சித்தப்பா கேட்டார், முடியாது என்றுவிட்டேன். நீயும் வந்தவர்கள் முன்னால் நிறுத்தி "குறள் சொல்லு" என்று கேட்காதே. மற்றபடி உன் இஷ்டம்போல் சோதித்துப் பார். ஆறு வயதில் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று நீயே சொல், அங்கேயே சேர்க்கிறேன். பரணில் என் பழைய கல் சிலேட்டு இருந்தால் துணியில் சுற்றி எடுத்து வா. இங்கே பிளாஸ்டிக்தான் கிடைக்கிறது.

அன்புடன்,
உன் மகள்